பவளத் தொட்டிக்கு வடிகுழாய் எத்தனை? ரிட்டர்ன் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வை நம்பலாமா?

அணைக்கரை, கிருஷ்ணகிரி

அனைவருக்கும் வணக்கம். நன்னீர் மீன்களைப் பல ஆண்டுகளாக வளர்த்துவரும் நான் இப்போது முதன்முறையாகப் பவளத் தொட்டி ஒன்றை அமைக்க இருக்கிறேன். தொட்டி 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். கீழே அலமாரிக்குள் வைக்கப்போகும் சம்ப் (வடியும் நீரைச் சேர்த்து மீண்டும் மேலே அனுப்பும் கீழ்த்தொட்டி) 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். தொட்டிக்குள் பின்சுவரையொட்டி 40 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் உள்ள ஓவர்ஃப்ளோ பெட்டி ஒட்டப்படும்; வடிகுழாய்கள் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து அடிக்கண்ணாடி வழியாகச் சம்புக்கு இறங்கும். கண்ணாடியில் துளைகள் இன்னும் போடவில்லை. எத்தனை துளை, என்ன அளவு என்று கடைக்காரர் கேட்டுக் காத்திருக்கிறார்.

எங்கள் வீட்டுக் குழாய் வேலைகளைச் செய்யும் பிளம்பர், ஒரே ஒரு வடிகுழாய் போதும் என்கிறார். அதில் பித்தளை கேட் வால்வு ஒன்றைப் பொருத்தி நீரின் அளவைக் கட்டுப்படுத்திக்கொள்ளலாம் என்றும், சம்ப் நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்புக்கு மேலே, நீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுவிட்டால் மின்சாரம் நின்றாலும் மேல்தொட்டி நீர் கீழே வராது என்றும் சொல்கிறார். அவர் அனுபவசாலி, ஆனால் பவளத் தொட்டி அவருக்கும் புதிது.

பகலில் எங்கள் வீட்டில் யாரும் இருப்பதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தப்படும் மின்சாரம் மாலையில்தான் திரும்பும். மழைக்காலத்தில் முன்னறிவிப்பு இல்லாமலும் போய் வரும். மின்சாரம் நின்றால் தரையில் நீர் சிந்தக்கூடாது. மீண்டும் வந்தால் யாரும் தொடாமலே எல்லாம் ஓடத் தொடங்க வேண்டும். இதற்கேற்ற குழாய் அமைப்பை விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

உப்புநீர்_ஓசூர்

வணக்கம். துளை போடுவதற்கு முன்பே கேட்டது நல்லது, ஏனென்றால் உங்கள் கேள்விகளுள் பின்னால் திருத்த முடியாதது துளைகளின் எண்ணிக்கைதான்.

ஒரே குழாய் வேண்டாம் என்பதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வடிகுழாய்க்குள் நீரும் காற்றும் கலந்து இறங்கும்போது, குப்புறக் கவிழ்த்த குடத்திலிருந்து நீர் கொட்டுவதுபோன்ற கடகட ஒலி எழும். நீர்மட்டமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மேல்மூடியில் காற்றுத்துளை வைக்கும் டர்சோ முறை இந்த ஒலியை ஓரளவு அடக்கும். ஆனால் அந்தக் குழாயில் ஒரு நத்தை போய் அமர்ந்துவிட்டால் நீருக்கு வேறு வழி கிடையாது. ஒற்றைக் குழாயில் வால்வைத் திருகி நீரை மட்டுப்படுத்துவது அதைவிடவும் ஆபத்தானது. பம்ப் அனுப்பும் அளவும் குழாய் இறக்கும் அளவும் என்றென்றும் துல்லியமாகச் சமமாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பின்மீது அந்த முறை நிற்கிறது. சிறிதளவு வேறுபட்டாலும் கூடுதல் நீர் எங்காவது போயாக வேண்டும்.

ஹெர்பி முறையில் இரண்டு குழாய்கள் உண்டு. தாழ்வாக வாய் வைத்த முதல் குழாய், காற்றே புகாமல் முழுக்க நீரால் நிரம்பிச் சைஃபனாக இறங்கும். அதில் மட்டும் ஒரு கேட் வால்வு இருக்கும். உயரமாக வாய் வைத்த இரண்டாவது குழாய் சாதாரண நேரத்தில் வறண்டிருக்கும், முதலாவது அடைபட்டால் மொத்த நீரையும் அது ஏற்கும். நன்றாகச் சரிசெய்த சைஃபனில் ஒலியே கேட்காது. ஆனால் நுண்ணிய சமநிலைச் சிக்கல் இங்கும் இருக்கிறது: பம்பின் வேகம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பெட்டிக்குள் நீர்மட்டம் நகரும், வால்வை அவ்வப்போது தொட வேண்டிவரும். இரண்டாவது குழாயில் சிறிதளவு நீர் எப்போதும் வழியும்படி விட்டுச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள்; அப்போது அது முழுமையான அவசரக் குழாயாக இருக்காது.

பீன் அனிமல் முறை இந்த இரு வேலைகளையும் பிரித்துவிடுகிறது. முதல் குழாய் முழுச் சைஃபன், கேட் வால்வுடன். இரண்டாவது திறந்த குழாய். அதன் மேல்பகுதியில் ஒரு மெல்லிய காற்றுக்குழல் இணைக்கப்பட்டு, அந்தக் குழலின் வாய், மூன்றாவது குழாயின் விளிம்பைவிடச் சற்றுத் தாழ்வாக நிறுத்தப்பட்டிருக்கும். மூன்றாவது, எப்போதும் வறண்டு கிடக்கும் அவசரக் குழாய். சைஃபன் பெரும்பகுதி நீரை இறக்க, மிச்சம் மீதி மட்டும் திறந்த குழாயின் சுவரில் ஒலியின்றி வழிந்து போகும். பம்பின் வேகத்தில் ஏற்படும் சிறு மாற்றங்களை அந்த இரண்டாவது குழாயே வாங்கிக்கொள்வதால் வால்வைத் தொட வேண்டியதில்லை.

இந்த அமைப்பில் நான் மிகவும் மதிப்பது அந்தக் காற்றுக்குழலைத்தான். சைஃபன் அடைபட்டால் பெட்டிக்குள் நீர்மட்டம் உயரும். உயர்ந்த நீர் காற்றுக்குழலின் வாயை மூடும். காற்று கிடைக்காத திறந்த குழாய் தானாகவே முழுச் சைஃபனாக மாறி, பன்மடங்கு நீரை இழுக்கத் தொடங்கும். மின்கருவியோ மிதவையோ இல்லை. பெருத்த இரைச்சலும் எழும், வீட்டில் யாரேனும் இருந்தால் அதுவே எச்சரிக்கை. அதுவும் அடைபட்டால் மூன்றாவது குழாய் இருக்கிறது.

கண்ணாடி இன்னும் துளையிடப்படாத நிலையில், பகலில் பூட்டியிருக்கும் வீட்டுக்கு மூன்று துளைகளைத்தான் நான் பரிந்துரைப்பேன். மூன்று குழாய்களையும் தனித்தனியாகவே சம்புவரை கொண்டுசெல்லுங்கள். இடம் மிச்சப்படும் என்று டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு ஒன்றாக இணைத்தால் மூன்று வைத்ததன் பயனே போய்விடும். அவசரக் குழாயில் எந்தக் காரணத்துக்காகவும் வால்வு பொருத்தக் கூடாது.

குழாய்க்கடை_பாலக்கோடு

தம்பி, மேலே ஓசூர் அம்மா சொன்ன முறைகளைப் பற்றி எனக்குப் பெரிய அனுபவம் கிடையாது. குழாய்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சொட்டுநீர்ப் பாசனப் பொருள்களும் வீட்டுக் குழாய்ப் பொருள்களும் விற்கிற கடையில் இருப்பதால், மீன்தொட்டிக்காக வருபவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

நம் பகுதிக் கடைகளில் "ஒரு இஞ்ச் குழாய்" என்று கேட்டால் இரண்டு வெவ்வேறு குழாய்களில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். தோட்டத்துக்கும் தொட்டிக்கும் போடும் மெட்ரிக் அளவு யூ.பி.வி.சி. குழாயில் ஒரு இஞ்ச் என்பது 32 மி.மீ. வெளிவிட்டம். வீட்டுக் குடிநீர் இணைப்புக்கு விற்கப்படும் ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80 வகையில் அதே ஒரு இஞ்ச் 33.4 மி.மீ. வெளிவிட்டம். கண்ணால் பார்த்தால் வேறுபாடு தெரியாது. 33.4 அளவு எல்போவுக்குள் 32 குழாயை நுழைத்தால் இலகுவாகப் போய் அமர்ந்துவிடும், சொல்யூஷன் ஊற்றினால் பிடித்ததுபோலவும் இருக்கும். ஆனால் சொல்யூஷன் என்பது இடைவெளியை நிரப்பும் பசை அல்ல. இரண்டு பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்குவதே அதன் வேலை. பரப்புகள் இறுக்கமாகத் தொடவில்லை என்றால் அந்த மூட்டு என்றைக்காவது கசியும். ஒன்றரை இஞ்சில் வேறுபாடு தலைகீழாக இருக்கும்: மெட்ரிக்கில் 50 மி.மீ., ஷெட்யூல் வகையில் 48.3 மி.மீ. சி.பி.வி.சி. குழாய் மூன்றாவது அளவு. அதில் ஒரு இஞ்சின் வெளிவிட்டம் 28.6 மி.மீ.தான், அதற்கான சொல்யூஷனும் வேறு. ஆகவே டேங்க் கனெக்டர் (கண்ணாடித் துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பு), குழாய், எல்போ, யூனியன், வால்வு அனைத்தையும் ஒரே வகையில், ஒரே நாளில், ஒன்றுக்குள் ஒன்றை உலர்வாகப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். வெளியூரிலிருந்து கனெக்டர் வரவழைப்பதாக இருந்தால் அது வந்த பிறகே மற்றவற்றை வாங்குங்கள்.

அடுத்தது பித்தளை. பித்தளையில் இருப்பது செம்பும் துத்தநாகமும். உப்புநீரில் செம்பு கரைந்தால் பவளம், நத்தை, இறால் எதுவும் தாங்காது என்று என்னிடம் வாங்கும் தொட்டிக்காரர்கள் எல்லாருமே சொல்கிறார்கள். பித்தளை கேட் வால்வு வேண்டாம் என்பது எளிதாகப் புரியும். கண்ணில் படாமல் நுழையும் பித்தளை ஒன்று இருக்கிறது: எம்.டி.ஏ., எஃப்.டி.ஏ. எனப்படும் வெளிமரை, உள்மரை சி.பி.வி.சி. ஃபிட்டிங்குகள் பலவற்றில் மரைப்பகுதி மட்டும் பித்தளையில் வார்த்திருக்கும். வெளியே குழாய் நிறத்தில் பிளாஸ்டிக்காகத் தெரியும், உள்ளே நீர் படும் இடம் உலோகம். திருப்பிப் பார்த்து, மரையும் பிளாஸ்டிக்காக இருப்பதை மட்டும் எடுங்கள். குழாய்க்குள் வரும் எந்தத் திருகும் எந்தச் சுருள்வில்லும் உலோகமாக இருக்கக் கூடாது.

பிளாஸ்டிக் பால் வால்வு எல்லா அளவிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி, பாலக்கோடு என எங்கும் கிடைக்கும். முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன கேட் வால்வு நம் கடைகளில் அரிது. அதை மட்டும் பெங்களூரிலிருந்தோ இணையம் வழியாகவோ வரவழைக்க வேண்டியிருக்கும். ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்க ஆறவிட்டுப் பின்பு நீர் விடுங்கள்.

தென்பெண்ணை, காவேரிப்பட்டினம்

நான்-ரிட்டர்ன் வால்வைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. எங்கள் மாந்தோப்பில் போர்வெல் மோட்டாரின் மேல் பொருத்திய நான்-ரிட்டர்ன் வால்வு பல ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான அடி நீர்த்தம்பத்தைத் தாங்கி நிற்கிறது. ஒன்றேகால் மீட்டர் உயரத்தைத் தாங்க அதற்கு என்ன சிரமம்? பிளம்பர் சொன்னதில் எனக்குத் தவறு தெரியவில்லை. ஒரு நல்ல வால்வைப் போட்டுவிட்டால் ரிட்டர்ன் குழாயின் வாயைத் தொட்டியில் எவ்வளவு ஆழத்திலும் வைத்துக்கொள்ளலாமே.

பவளத்திட்டு_தருமபுரி

தென்பெண்ணை அண்ணா, உங்கள் தோப்பில் அந்த வால்வு நன்றாக மூடுவதற்கு, அதன்மேல் நிற்கும் பெரும் நீர்த்தம்பமும் ஒரு காரணம். பல கிலோ அழுத்தம் தகட்டை இருக்கையோடு இறுக்குகிறது. தொட்டியின் ரிட்டர்ன் குழாயில் இருப்பது ஏறத்தாழ 1.2 மீட்டர் நீர். அழுத்தம் மிகக் குறைவு. அந்தக் குறைந்த அழுத்தத்தில், தகட்டுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு சிறு சுண்ணப் படிவு இருந்தாலும் வால்வு முழுதாக மூடாது. பவளத் தொட்டி நீரிலோ சுண்ணச்சத்தைக் கரைத்து வைத்திருப்பதே பவளம் வளர்வதற்காகத்தான். அந்தச் சுண்ணத்தை எடுத்துக் கோரலைன் பாசியும் குழாய்ப்புழுக்களும் இருட்டான குழாய்களுக்குள்கூடக் குடியேறும் உயிர்களும் கூடு கட்டுகின்றன. புதிதாகப் போட்ட வால்வு முதல் மாதச் சோதனையில் அழகாக மூடும். அதை நம்பி நாம் நிம்மதியாக இருக்கும்போது அது மெல்ல மெல்லக் கசியத் தொடங்கியிருக்கும், வெளியே அதற்கு எந்த அடையாளமும் தெரியாது.

வால்வு இருக்கட்டும். நண்பர் கொடுத்த அளவுகளையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 × 60 செ.மீ. தொட்டியில் ஒரு செ.மீ. உயர நீர் என்பது 7.2 லிட்டர். 90 × 40 செ.மீ. சம்பில் ஒரு செ.மீ. என்பது 3.6 லிட்டர். அதாவது மேலே ஒரு செ.மீ. இறங்கினால் கீழே இரண்டு செ.மீ. ஏறும்.

பம்ப் நின்றதும் நான்கு இடங்களிலிருந்து நீர் இறங்கும். ஓவர்ஃப்ளோ பெட்டியின் பல்விளிம்புக்கு (பற்கள்போல வெட்டிய மேல்விளிம்புக்கு) மேலே வழிந்துகொண்டிருந்த படலம் ஒரு செ.மீ. என்று வைத்தால் 7.2 லிட்டர். பெட்டிக்குள் சைஃபன் குழாயின் வாய்வரை இறங்கும் நீர், 15 செ.மீ. என்று கொண்டால் 40 × 12 × 15, மீண்டும் 7.2 லிட்டர். குழாய்களுக்குள் இருப்பது ஒன்றேகால் லிட்டர் அளவு. நான்காவதுதான் நம் கையில் உள்ளது: ரிட்டர்ன் குழாயின் வாய் பல்விளிம்பைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு நீர், வாய் காற்றைத் தொடும்வரை பின்னோக்கிச் சைஃபனாக இறங்கும்.

வாய் 2 செ.மீ. தாழ்ந்திருந்தால் 14.4 லிட்டர்; மொத்தம் ஏறத்தாழ 30 லிட்டர்; சம்பில் எட்டேகால் செ.மீ. ஏற்றம். ஓடும்போது சம்பில் 22 செ.மீ. நீர் இருந்தால், நின்றபின் 30 செ.மீ.க்குச் சற்று மேலே வந்து நிற்கும். 40 செ.மீ. உயரச் சம்பில் ஒன்பதரை செ.மீ.க்குக் குறையாத இடம் மிச்சம். நீரோட்டம் அழகாக இருக்கும் என்று அதே வாயை 12 செ.மீ. ஆழத்தில் வைத்தால் அந்தப் பகுதி மட்டும் 86.4 லிட்டர், மொத்தம் 102 லிட்டர். சம்பில் மிச்சமுள்ள 18 செ.மீ. இடத்தில் அடங்குவது 64.8 லிட்டர். ஏறத்தாழ 37 லிட்டர் உப்புநீர் தரையில் இருக்கும். சம்பின் தடுப்புக் கண்ணாடிகளும் ஸ்கிம்மரும் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) பிடிக்கும் இடத்தை நான் கழிக்கவில்லை. கழித்தால் நிலைமை இன்னும் சற்று மோசம்.

ஆகவே நான்-ரிட்டர்ன் வால்வு மூடவே மூடாது என்று வைத்துக்கொண்டு குழாயை அமையுங்கள். ரிட்டர்ன் வாய் நீர்மட்டத்துக்கு ஒட்டிக் கீழே இருக்கட்டும். தொட்டிக்குள் வேகமான நீரோட்டம் வேண்டுமென்றால் அதற்கு வேவ்மேக்கர் என்ற நீரோட்டக் கருவி இருக்கிறது. ரிட்டர்ன் பம்ப் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை. குழாயில் நீர்மட்டத்தையொட்டி ஒரு சிறு துளையிட்டுச் சைஃபனை முறிக்கும் வழக்கமும் உண்டு. அந்தத் துளையையும் பாசியும் உப்பும் அடைக்கும் என்பதால் அதைக் கூடுதல் பாதுகாப்பாக மட்டும் கருதுகிறேன். வாயின் உயரம் மட்டுமே அடைபடாத பாதுகாப்பு.

தென்பெண்ணை, காவேரிப்பட்டினம்

கணக்கு தெளிவாக இருக்கிறது தம்பி. நீர்த்தம்பத்தின் அழுத்தம் வால்வை மூட உதவுகிறது என்பதை நான் இந்தக் கோணத்தில் பார்த்திருக்கவில்லை. வாயை மேலே வைத்துவிட்டு, அதற்குப் பிறகும் ஒருவர் வால்வு போட விரும்பினால் தீங்கு ஏதேனும் உண்டா?

பவளத்திட்டு_தருமபுரி

தீங்கு இல்லை அண்ணா. நீரோட்டத்தைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். போடுவதானால் இருபுறமும் யூனியன் வைத்து, கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவும்படி பொருத்த வேண்டும். வால்வை அகற்றிவிட்டுச் செய்த சோதனையிலும் சம்ப் நிரம்பி வழியக்கூடாது என்பதே என் நிபந்தனை.

அணைக்கரை, கிருஷ்ணகிரி

மூன்று துளைகள் என்று முடிவு செய்துவிட்டேன். பித்தளை பற்றிச் சொன்ன பாலக்கோடு ஐயாவுக்குத் தனியாக நன்றி. பிளம்பரிடம் காட்டியபோது அவரும் உடனே ஏற்றுக்கொண்டார்.

இன்னும் சில ஐயங்கள். எவ்வளவு பெரிய குழாய் வைக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்று எண்ணி மூன்றையும் 50 மி.மீ. ஆக வைக்கலாமா? மின்சாரம் திரும்பியதும் காற்று நிறைந்த குழாயில் சைஃபன் எப்படித் தானாகத் தொடங்குகிறது? ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் தானியங்கி நிரப்பியை மாடியிலுள்ள ஆர்.ஓ. நீர்த்தொட்டியோடு நேரடியாக இணைத்துவிடலாமா? கண்ணாடிக் கடையில் என்ன சொல்ல வேண்டும்?

உப்புநீர்_ஓசூர்

குழாயின் அளவைப் பற்றிய உங்கள் எண்ணம் அவசரக் குழாய்க்குப் பொருந்தும், சைஃபனுக்குப் பொருந்தாது. உங்கள் தொட்டியில் ஏறத்தாழ 330 லிட்டர் நீர் இருக்கும். சம்ப் வழியாக மணிக்கு அதன் மூன்று முதல் ஐந்து மடங்கு சென்றுவந்தால் போதும், அதாவது 1,000 முதல் 1,650 லிட்டர்வரை. 32 மி.மீ. குழாய் ஒன்று முழுச் சைஃபனாக இறங்கினால் இதைவிட மிக அதிகமாகவே இறக்கும். 50 மி.மீ. சைஃபன் வைத்தால் கேட் வால்வை ஏறத்தாழ முழுதும் மூடித்தான் சமநிலைக்குக் கொண்டுவர முடியும். அந்த மெல்லிய இடுக்கில் ஒரு சிறு நத்தையே அடைப்பாகிவிடும். மின்சாரம் திரும்பும்போது குழாயிலுள்ள காற்றும் அதே இடுக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால் சைஃபன் தொடங்கவும் வெகுநேரம் ஆகும். எனவே சைஃபனுக்கு 32. திறந்த குழாய்க்கும் அவசரக் குழாய்க்கும் 32 போதும், 40 வைத்தாலும் நல்லதே.

சைஃபன் தொடங்கும் விதம் இது. பம்ப் ஓடத் தொடங்கியதும் பெட்டிக்குள் நீர் உயர்ந்து சைஃபன் குழாயின் வாயை மூடும். குழாய்க்குள் இறங்கும் நீர் உள்ளிருக்கும் காற்றைச் சம்ப் முனை வழியாகக் குமிழிகளாகத் தள்ளும். அது முடியும்வரை திறந்த குழாயும், தேவைப்பட்டால் அவசரக் குழாயும் நீரை ஏற்கும். அந்தச் சில நிமிடங்கள் இரைச்சல் இருக்கும். காற்று முழுதும் போனதும் சைஃபன் பிடித்துக்கொள்ள, நீர்மட்டம் தானாக இறங்கி, ஒலி அடங்கிவிடும். இது தடையின்றி நடக்க வேண்டுமானால் சைஃபன் குழாயின் கீழ்முனை சம்ப் நீருக்குள் இரண்டு, இரண்டரை செ.மீ.க்கு மேல் மூழ்கக் கூடாது. ஆழமாக மூழ்கினால் காற்று அந்த நீரைத் தள்ளிக்கொண்டு வெளியேற முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. மின்சாரம் நின்றிருக்கும்போது சம்பின் நீர்மட்டம் உயர்ந்திருக்கும். மேலே போட்ட கணக்குப்படி எட்டு செ.மீ. அதாவது ஓடும்போது இரண்டரை செ.மீ. மூழ்கியிருக்கும் முனை, மீண்டும் தொடங்கும் கணத்தில் பத்து செ.மீ.க்கு மேல் மூழ்கியிருக்கிறது. பம்ப் ஓட ஓடச் சம்ப் மட்டம் இறங்கும், முனையும் மேலே வரும், காற்றும் வெளியேறும். ஆனால் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் வேலை முழுவதும் மற்ற இரு குழாய்களின் மேல்தான் விழும். அந்த இரண்டும் சுத்தமாக, திறந்தபடி இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ரிட்டர்ன் வாயை மேலே வைப்பது வெள்ளத்தைத் தடுப்பதோடு சம்ப் ஏற்றத்தையும் குறைத்து, சைஃபன் விரைவாகத் தொடங்கவும் உதவுகிறது.

கேட் வால்வைக் கீழே, சம்புக்கு அருகில், கை எட்டும் இடத்தில் வையுங்கள். 90 பாகை எல்போ ஒன்றுக்குப் பதிலாக 45 பாகை எல்போ இரண்டு வையுங்கள். படுக்கைவாட்டில் செல்லும் நீண்ட குழாய் வேண்டவே வேண்டாம். அதன் மேற்புறத்தில் காற்று தங்கிவிடும். பம்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு உயரமே இல்லாதபோது கிடைப்பது, உங்களுக்கு 1.2 மீட்டரில் என்ன கிடைக்கும் என்பதை அதன் வரைபடத்தில் பார்த்து வாங்குங்கள். பம்புக்கும் கெட்டிக் குழாய்க்கும் இடையே ஒரு சாண் சிலிகான் ஹோஸ் வைத்தால் அதிர்வு அலமாரிக்குப் பரவாது.

பவளத்திட்டு_தருமபுரி

தானியங்கி நிரப்பியைப் பற்றி நான் சொல்கிறேன். மாடித்தொட்டியோடு நேரடியாக இணைக்கவே கூடாது.

இதுவரை பேசியது நீர் கீழே வந்து வழியும் ஆபத்து. மேலே நிரம்பி வழியும் ஆபத்தும் உண்டு. மூன்று வடிகுழாய்களும் அடைபட்டதாகவே வைத்துக்கொள்வோம். பம்ப், சம்பில் தடுப்புக் கண்ணாடியால் பிரித்த தன் அறையில் உள்ள நீரை மட்டுமே மேலே தள்ள முடியும், ஏனென்றால் தடுப்புக் கண்ணாடிக்கு அப்பாலுள்ள நீர் அதற்கு எட்டாது. பம்ப் அறை 25 × 40 செ.மீ., அதில் 20 செ.மீ. நீர் என்றால் 20 லிட்டர். மேல்தொட்டியில் நீர்மட்டத்துக்கும் கண்ணாடி விளிம்புக்கும் 4 செ.மீ. இடைவெளி இருந்தால் அங்கே 28.8 லிட்டர் அடங்கும். எல்லா வடிகுழாயும் அடைபட்டாலும் தரை நனையாது; பம்ப் வறண்டு ஓடும், அது வேறு சேதம். இந்த அறையின் கொள்ளளவைத் தொட்டியின் மேல் இடைவெளியைவிடக் குறைவாக வைப்பதுதான் இந்தப் பாதுகாப்பின் அடிப்படை.

தானியங்கி நிரப்பி இந்தக் கணக்கைக் குலைத்துவிடும். பம்ப் அறையில் மட்டம் குறைவதை ஆவியாதல் என்று அதன் சென்சார் புரிந்துகொண்டு, ஓயாமல் நன்னீரை ஊற்றும். மாடித்தொட்டியோடு இணைத்திருந்தால் அதற்கு எல்லையே இல்லை. தரை நனைவதோடு, தொட்டியின் உப்புச்செறிவும் சரிந்து பவளங்கள் மடியும். நிரப்பிக்குத் தனியாக ஒரு சிறு கலன் வையுங்கள். மேலே சொன்ன அளவுகளில் மிச்சமிருப்பது எட்டு லிட்டர் சொச்சம். கலன் அதற்குள் இருந்தால் முழுதும் கொட்டினாலும் விளிம்பைத் தாண்டாது. பெரிய கலன் வேண்டுமென்றால், ஒரு முறைக்குச் சில நிமிடங்களுக்குமேல் ஓடாதபடி நேரக் கட்டுப்பாடுள்ள நிரப்பியாகப் பாருங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை கையால் நிரப்புவது சிறு வேலைதான். அதில் ஊற்றுவது ஆர்.ஓ. நீராகவே இருக்கட்டும். நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் உப்புகளும் மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆவியாகும் நீரை அப்படிப்பட்ட போர்வெல் நீரால் ஈடுசெய்துகொண்டே போனால், அதிலுள்ள உப்புகள் அனைத்தும் தொட்டியிலேயே சேர்ந்துகொண்டிருக்கும்.

குழாய்க்கடை_பாலக்கோடு

கண்ணாடிக் கடைக்கு, தம்பி: அடிக்கண்ணாடி டஃபன்டு (வெப்பத்தால் கடினப்படுத்திய) வகையாக இருந்தால் துளையிட முடியாது, துளையிட்டால் மொத்தமும் நொறுங்கும். சாதாரணக் கண்ணாடியில் வைர விளிம்புள்ள ஹோல் சா வைத்து, நீர் ஊற்றிக்கொண்டே மெதுவாகப் போடச் சொல்லுங்கள். கனெக்டரைக் கையில் கொடுத்து, அதன் மரைப்பகுதியை அளந்த பிறகே துளையின் அளவை முடிவு செய்யச் சொல்லுங்கள். 45 மி.மீ. துளை என்று வந்தால், துளையின் விளிம்புக்கும் கண்ணாடியின் விளிம்புக்கும் இடையே குறைந்தது அதே 45 மி.மீ. இருக்க வேண்டும், இரண்டு துளைகளுக்கு நடுவேயும் அப்படியே. உங்கள் பெட்டியில் பின்சுவரிலிருந்து 7 செ.மீ. தள்ளி மையம் வைத்து, மையங்களுக்கிடையே 10 செ.மீ. விட்டால் சரியாக வரும். கனெக்டரின் ரப்பர் வாஷர் தொட்டியின் உட்புறம், அகன்ற தலைக்கும் கண்ணாடிக்கும் இடையே வர வேண்டும். நட்டைக் கையால் இறுக்கி, அதற்குமேல் கால் திருப்பு போதும். ரிஞ்ச் போட்டு முறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும்.

அணைக்கரை, கிருஷ்ணகிரி

அமைத்து முடித்துவிட்டோம். பாறையும் உப்பும் சேர்க்கும் முன், வெறும் நீரை நிரப்பிச் சோதித்ததன் முடிவை இங்கே பதிகிறேன், பின்னால் வருபவர்களுக்குப் பயன்படும்.

ரிட்டர்ன் குழாயைத் துளையில்லாமல் பின்விளிம்புக்கு மேலாகக் கொண்டுவந்து, வாயைப் பல்விளிம்பைவிட இரண்டு செ.மீ. தாழ்வாக வைத்தோம். நான்-ரிட்டர்ன் வால்வு வைக்கவில்லை. பம்பின் மின்சாரத்தை நிறுத்தியபோது சம்ப் 22 செ.மீ.யிலிருந்து 31 செ.மீ.க்கு உயர்ந்து நின்றது. தருமபுரி நண்பரின் கணக்கைவிடச் சற்று அதிகம். பல்விளிம்பின் மேல் படலம் ஒரு செ.மீ.யைவிடத் தடிமனாக இருப்பதே காரணம் என்று அளந்து பார்த்ததில் தெரிந்தது. கேட் வால்வை முழுதும் மூடி, சைஃபன் அடைபட்டதுபோல் செய்தும் பார்த்தோம். நீர்மட்டம் உயர்ந்து காற்றுக்குழலை மூடியதும், இரண்டாவது குழாய் பெருத்த ஒலியோடு நீரை இழுக்கத் தொடங்கியது. அதையும் துணியால் அடைத்தபோது மூன்றாவது குழாய் மொத்த நீரையும் ஏற்றது. எங்கும் கசிவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி உடனே போட்டால் சைஃபன் விரைவாகப் பிடித்துக்கொள்கிறது. நீண்ட நேரம் நிறுத்திவைத்துப் போட்டால் திறந்த குழாய் இரைந்து அடங்கி, மீண்டும் இரைந்து அடங்கி, பலமுறை அப்படியே தொடர்ந்த பிறகே அமைதியாகிறது.

உப்புநீர்_ஓசூர்

உடனே போடும்போது சைஃபன் குழாயில் இன்னும் நீர் மிச்சமிருக்கிறது, அதனால் விரைவாகப் பிடிக்கிறது. நீண்ட நேரம் நின்றால் குழாய் முழுதும் காற்று நிறைந்துவிடுகிறது. மாறி மாறி இரைவதற்குக் காரணம், திறந்த குழாய் சைஃபனாக மாறி, பெட்டியை வேகமாகக் காலிசெய்து, காற்றை இழுத்து முறிந்து, மீண்டும் தொடங்குவது. அந்த ஏற்ற இறக்கத்தில் முதல் குழாய்க்குத் தன் காற்றைத் தள்ளி முடிக்கும் அவகாசம் கிடைப்பதில்லை. காற்றுக்குழலின் வாயை ஒன்றரை செ.மீ. உயர்த்துங்கள், ஆனால் அவசரக் குழாயின் விளிம்பைத் தாண்ட விடாதீர்கள். சைஃபனின் கீழ்முனை இப்போது எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்று அளந்து, மூன்று செ.மீ.க்கு மேல் இருந்தால் வெட்டிக் குறையுங்கள். முனையைச் சாய்வாக வெட்டினால் காற்று இன்னும் எளிதாக வெளியேறும்.

அணைக்கரை, கிருஷ்ணகிரி

அளந்தேன், ஐந்து செ.மீ. மூழ்கியிருந்தது. இரண்டு செ.மீ.யாகக் குறைத்துச் சாய்வாக வெட்டி, காற்றுக்குழலையும் உயர்த்திய பிறகு, இரவு முழுவதும் நிறுத்திவைத்துக் காலையில் போட்டோம். ஒரே ஒரு முறை இரைந்து அடங்கி, சைஃபன் பிடித்துக்கொண்டது. நின்றபின் நீர் வந்து நிற்கும் 31 செ.மீ. மட்டத்தைச் சம்பின் வெளிப்புறம் சிவப்பு டேப்பால் குறித்துவிட்டேன். பம்ப் ஓடாதபோது அந்தக் கோட்டுக்கு மேல் நீர் இருந்தால், யாரோ அதிகமாக ஊற்றியிருக்கிறார்கள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அடுத்த வாரம் உப்பு கரைக்கிறோம்.

பவளத்திட்டு_தருமபுரி

பம்ப் ஓடும்போது இருக்க வேண்டிய 22 செ.மீ. மட்டத்துக்கும் ஒரு கோடு போட்டுவிடுங்கள், பம்ப் அறையின் பக்கத்தில். தினமும் பார்க்கப்போவது அதைத்தான். பாறை சேர்த்த பிறகு ஒரு முறை, ஸ்கிம்மர் பொருத்திய பிறகு ஒரு முறை, அதன்பின் மாதம் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்தி அதே சோதனையைச் செய்யுங்கள். பராமரிப்பு மின்தடைக்கு முந்தைய மாலை அதற்கு ஏற்ற நேரம்.